ஏழாவது குப்பி

குப்பிகள் ஆறுதான் இருக்க வேண்டும். ஏழு இருந்தன.

சனிக்கிழமை மதியம். சிதம்பரத்துக்கு வெளியே வயல்களின் நடுவே தனியாக நின்ற அந்த ஆய்வுக்கூடத்தில் சந்திரலேகாவைத் தவிர யாருமில்லை. ஏசியின் ஒரே சீரான இரைச்சலும், ஸ்பிரிட்டின் காரமான வாடையும், அதற்கு அடியில் போகாத சேற்று நாற்றமும்தான் அவளுக்குத் துணையாக இருந்தன.

இரண்டு வருடங்களுக்கு முன் தேவனாம்பட்டினத்து மீனவர் பஞ்சநாதன், ஆழ்கடலில் இழுத்த வலையோடு வந்த சேற்றை வாளியில் கொண்டுவந்து கொடுத்தார். அதில் இருந்தது இந்த நத்தை. உடைத்த உளுந்தளவுதான். கண் கிடையாது. கண்ணாடி போன்ற ஓடு, அதன் வாயில் பழுப்பு நிறத்தில் வட்டமான ஒரு மூடி. உலகத்தில் யாரும் அதுவரை பார்த்திராத உயிர். அதைப் பற்றிய முதல் கட்டுரையை அவளும் எழிலனும் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டு வருட சினேகிதம். நத்தைக்குப் பஞ்சநாதனின் பெயரையே வைப்போம் என்று அவள் சொன்னபோது அவனும் தலையாட்டியிருந்தான்.

ஏழாவது குப்பியின் லேபிளில் எழிலனின் கையெழுத்து. கிடைத்த இடம்: சிதம்பரம். நாள்: போன செவ்வாய்.

ஆயிரம் மீட்டர் ஆழத்தில் வாழ்வது சிதம்பரத்தில் எப்படிக் கிடைக்கும்? தவறாக எழுதிவிட்டான் என்று சிரித்துக்கொண்டே அதை நுண்ணோக்கியில் வைத்தாள். மற்ற நத்தைகள் ஸ்பிரிட்டில் வெளுத்துக் கிடந்தன. இது இளஞ்சிவப்பாக இருந்தது. ஓட்டின் விளிம்பில் நீளமாக ஒரு கறுப்பு முடி ஒட்டியிருந்தது.

புதிதாக ஏதாவது கொடுத்தாரா என்று கேட்கப் பஞ்சநாதனுக்குப் போன் செய்தாள். அவர் கேரளா பக்கம் தொழிலுக்குப் போயிருப்பதாக எழிலன் சொல்லியிருந்தான். எடுத்தது அவர் மனைவி செல்லாயி.

"அவரு பூட்டாரும்மா. இருபது நாளாச்சு. எழிலன் சார் சொல்லலியா?"

"எப்படிம்மா?" என்றாள் சந்திரலேகா.

"காதுக்குக் கீழ அரிக்குதுன்னு ரெண்டு மாசமா சொரிஞ்சிக்கினே கெடந்தாரு. ஆஸ்பத்திரி வேணாம், நானே பாத்துக்கறேன்னு சார்தான் சொன்னாரு. கடைசியா குளிப்பாட்டறப்ப தோலுலேர்ந்து பொட்டுப் பொட்டா உதிந்துச்சும்மா. சார் குனிஞ்சி ஒண்ணு விடாம பொறுக்கி எடுத்துக்கினு போனாரு."

எழிலனின் கணினியில் கட்டுரை திறந்தே இருந்தது. முதல் பக்கத்தில் அவன் பெயர் மட்டும். அவள் கண்கள் எரிந்தன. எத்தனை நாள் பட்டினியாக உட்கார்ந்து வரைந்த படங்கள். அத்தனையும் அவளுடையவை.

அவள் பெயர் நான்காம் பக்கத்தில் இருந்தது. வாழிடம் என்ற தலைப்பின் கீழ்.

முதல் உடல்: பஞ்சநாதன், ஆண், ஐம்பத்திரண்டு வயது. இறந்துவிட்டார். இரண்டாவது உடல்: சந்திரலேகா, பெண், முப்பத்தொரு வயது. வெறுங்கையால் சேற்றைக் கழுவியவர். அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. செவ்வாயன்று காதின் கீழிருந்து ஒன்று எடுக்கப்பட்டது.

செவ்வாய். டீ குடித்துக்கொண்டிருந்தபோது, முடியில் பூச்சி என்று சொல்லி இடுக்கியால் எதையோ எடுத்தான். தேங்க்ஸ் என்றாள்.

கதவில் சாவி திரும்பியது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே எழிலன். உள்ளே வரவில்லை. அவள் போன் அடித்தது.

"படிச்சிட்டியா லேகா?"

"கதவத் தெற."

"முன்னாடியே சொல்லியிருந்தா நீ டாக்டர்கிட்ட ஓடியிருப்ப. எல்லாம் வீணாப் போயிருக்கும். பஞ்சநாதன் விஷயத்துல அதுங்க வெளிய வர்ற நேரத்தப் பாக்க முடியல."

"எழிலன். நான்டா."

"தெரியும். அதுங்களுக்கு வெளிச்சம் ஜாஸ்தி ஆவாது. மெயின அணைச்சிடறேன்."

விளக்குகள் அணைந்தன. ஏசி நின்றது. கணினித் திரை கறுத்தது.

கதவுக் கண்ணாடி வழியே வந்த மங்கிய வெளிச்சத்தில், அதில் அவள் முகம் தெரிந்தது. கழுத்து தெரிந்தது.

முடியை ஒதுக்கினாள்.

காதின் கீழிருந்து தோள்வரை. வரிசையாக. பழுப்பு வட்டங்கள்.

ஒன்று திறந்தது.

பக்கத்தில் இன்னொன்று.

கண்ணாடிக்கு வெளியே எழிலன் கடிகாரத்தைப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டான். அவள் கத்த வாயைத் திறந்தாள். அத்தனை மூடிகளும் திறந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் நூல் போல இரண்டு கொம்புகள் நீண்டு, காற்றைத் தடவி, மெதுவாக, அவள் மூச்சு வந்த பக்கம் திரும்பின.