சுரங்கத்தில் பெயர் கேட்டவன்

லாலிபெலாவின் பாறைக் கோயில்களை நோக்கி இறங்கும் படிக்கட்டில் பிஸ்ரத் கால் வைத்தபோது காலைப் பூசை முடிந்து, வெண்போர்வை போர்த்த மக்கள் மேலேறிக்கொண்டிருந்தனர். அடிஸ் அபாபாவில் இறையியல் பயிலும் அம்மாணவன் அப்புனித நகருக்கு வருவது அதுவே முதன்முறை. அன்று அவன் தந்தை கெபேயெஹு இறந்த நாற்பதாம் நாள்.

நாற்பதாம் நாள் மன்றாட்டில் இறந்தவரின் ஊரறிந்த பெயரைச் சொல்லிப் பயனில்லை. ஞானஸ்நானத்தில் இட்ட பெயரைச் சொன்னால்தான் வேண்டுதல் உரிய ஆன்மாவைச் சென்று சேரும். குருவானவர் கேட்டாலன்றி அப்பெயரை எவரும் வாய்விட்டு உரைப்பதில்லை. தீயவர் காதில் விழுந்தால் மந்திரத்தால் ஆளையே கட்டிவிடுவர் என்பது நம்பிக்கை. தாய் முன்னரே மறைந்துவிட்டமையால், தந்தையின் அப்பெயரை அறிந்த உயிர் பிஸ்ரத் ஒருவனே.

சாகுந்தறுவாயில் அவர் அவன் காதில் இரண்டே செய்திகளைக் கூறியிருந்தார்.

"என் பேரு ஹைலே கப்ரியேல். லாலிபெலாவுல கொண்டுபோய்க் குடு." பிறகு நெடுநேரம் மூச்சுத் திணறி, "சுரங்கத்து வழியா மட்டும் போகாதே" என்றார்.

கோயில் வாசலில் செருப்புகளுக்குக் காவலிருந்த வெர்க்கே என்னும் பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாக்ஸையும் கழட்டிருங்க தம்பி. உள்ள விரிச்சிருக்கற கம்பளத்துல தெள்ளுப்பூச்சி ஜாஸ்தி. அதுங்களுக்கு அடிஸ் அபாபா ரத்தம்னா உசிரு."

"எல்லாக் கோயிலையும் பார்த்துட்டு வர நேரமாகுமே, அக்கா."

"எந்த வாசல்ல வெளிய வந்தாலும் செருப்பத் தூக்கிட்டு அங்க வந்து நிப்பேன். இந்த ஊர்ல செருப்பு தொலைஞ்சதா சரித்திரமே இல்ல."

நண்பகல் வரையில் அவன் கோயில் கோயிலாகச் சுற்றினான். தரையை அகழ்ந்து, ஒற்றைப் பாறையிலிருந்தே குடைந்தெடுத்த சுவர்கள் சாம்பிராணியும் ஈரமும் கலந்து மணத்தன. ஒரு மதிலின் மாடத்துள், பண்டைக் காலத்து யாத்திரிகர் ஒருவரின் உலர்ந்த பாதங்கள் தெரிந்தன. பிஸ்ரத் சிலுவை வரைந்துகொண்டு விலகினான்.

முதிய குருவான மெல்காமு சுரங்க வாயிலருகே கைச்சிலுவையுடன் அமர்ந்திருந்தார். வந்த காரியத்தைச் சொன்னவுடன் அவனுடைய முகத்தை உற்று நோக்கினார்.

"கெபேயெஹு மகனா நீ. அதே நெத்தி. முப்பது வருஷம் முந்தி அவனும் அயல்னேங்கற சிநேகிதனும் கோந்தார்லேந்து நடந்தே வந்தாங்க. அடிஸ் அபாபாவுல படிக்க இங்கேருந்து ஒருத்தரை மட்டும் அனுப்பறதா இருந்துச்சு. பரிட்சைக்கு மொத நாள் ரெண்டு பேரும் இந்தச் சுரங்கத்துக்குள்ள போனாங்க. உங்கப்பன் மட்டுந்தான் வெளிய வந்தான். அயல்னே உள்ள இருந்த பள்ளத்துல விழுந்து கழுத்து ஒடிஞ்சு கெடந்தான்."

"அப்பா எங்கிட்ட சொன்னதே இல்ல, சாமி."

"எப்படிச் சொல்லுவான், பாவம். அயல்னேயோட ஞானஸ்நானப் பேரு இங்க யாருக்கும் தெரியாது, உங்கப்பன்தான் சொன்னான். வெல்தே ஜியோர்கிஸ். அந்தப் பேர்லதான் இன்னிக்கு வரைக்கும் வேண்டிக்கறோம். பள்ளத்தையும் அப்பவே மூடியாச்சு." அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இது நரகத்து வழி. செத்தவருக்காகக் கேக்கறவன் விளக்கில்லாம இதுல நடந்து வரணும். வலது கையைச் சுவர்லேந்து எடுக்காதே. நான் மேல சுத்தி வந்து அந்தப் பக்கம் நிக்கறேன். அங்க பேரைக் கேப்பேன், சொல்லு."

பிஸ்ரத் தயங்கினான். தந்தையின் தடை நண்பனை இழந்த துயரத்தால் விளைந்ததாக இருக்கலாம். ஆனால் அவருடைய ஆன்மாவோ இன்றைய வேண்டுதலுக்காகக் காத்திருக்கிறது. இவ்வாறு எண்ணித் துணிந்து, குனிந்து உள்ளே நுழைந்தான்.

பத்தடி நடப்பதற்குள் பின்னிருந்த ஒளி அவிந்தது. கண்ணைத் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒன்றேயாயிற்று. எண்ணற்ற கைகள் தடவித் தடவி வழவழப்பாகிய பாறை அவன் உள்ளங்கையின்கீழ் வியர்த்திருந்தது. மெழுகின் மணம் மெல்ல மறைந்து, புதிதாக வெட்டிய குழியின் மண்வாடை எழுந்தது.

அவன் நின்றான்.

அவனுக்குப் பின்னே, வெறுங்கால் ஒன்று ஓரடி கூடுதலாக வைத்துவிட்டு நின்றது.

எதிரொலி என்று தேறிக்கொண்டு மீண்டும் நடந்தான். சுவர் வளைந்தது. வளைவில் அவன் விரல்கள், முன்பே அங்கிருந்த வேறு விரல்களின்மேல் படிந்தன.

"வந்துட்டியா" என்றது ஒரு குரல், மிகத் தாழ்வாக.

சிலுவை ஒன்று அவன் நெற்றியைத் தொட்டு, உதட்டுக்கு இறங்கியது. குருவானவர் அதற்குள் வந்துவிட்டார் என்ற ஆறுதலோடு பிஸ்ரத் அதை முத்தமிட்டான். உதட்டில் சேறு ஒட்டியது.

"ஞானஸ்நானப் பேரு?"

"ஹைலே கப்ரியேல், சாமி."

"உன்னோடது?"

சிலுவை நீட்டியவர் கேட்டால் மறைத்துப் பழக்கமில்லை. "ஃபிக்ரே மரியாம்."

அப்போது நெடுந்தொலைவில், சுரங்கத்தின் மறுவாயிலிலிருந்து, மெல்காமுவின் இருமல் கேட்டது.

"தம்பி, எங்க நின்னுட்ட? வா, வா. நான் இங்கதான் இருக்கேன்."

பிஸ்ரத் சிலுவையிலிருந்து முகத்தை விலக்கினான்.

"உங்கப்பன் என்னைத் தள்ளினான்" என்றது அருகிலிருந்த குரல். அதில் சினமே இல்லை. முப்பதாண்டுகள் மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிப்பதுபோல் இருந்தது. "அதைக்கூட மன்னிச்சிருப்பேன். கழுத்து திரும்பிக் கெடந்தேன். காது மட்டும் கேட்டுச்சு. மேல நின்னு சாமிகிட்ட என் பேருன்னு ஒண்ணைச் சொன்னான். அது என் பேரு இல்ல."

"ஏன்... ஏன் மாத்திச் சொன்னாரு?"

"வேண்டுதல் வந்து சேர்ந்தா நான் எந்திரிச்சு வந்து நடந்ததைச் சொல்லிருவேன்னு பயந்தான். முப்பது வருஷம் யாரோ ஒருத்தனுக்கு வேண்டினாங்க. எனக்கு ஒரு சொல்லும் வரல."

ஈர விரல்கள் அவன் தாடையைப் பற்றி, குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல் வாயைத் திறந்தன.

"என் பேரு தெக்லே மிக்கேல். போய்ச் சொல்லு."

மறுவாயிலின் வெயிலில் அவன் விழுந்தெழுந்து வந்தபோது, மெல்காமு அவனைத் தாங்கி அமர்த்தினார்.

"பயந்துட்டியா? எல்லாரும் பயப்படறதுதான். உங்கப்பன் பேரைச் சொல்லு."

பிஸ்ரத் வாயைத் திறந்தான். "தெக்லே மிக்கேல்."

திடுக்கிட்டுத் தலையசைத்தான். மீண்டும் முயன்றான். உள்ளத்தில் தெளிவாக நின்ற பெயர் உதட்டில் வேறாகியே வெளிப்பட்டது. "தெக்லே மிக்கேல். தெக்லே மிக்கேல்."

"ஒரு தடவை சொன்னாப் போதும், தம்பி" என்று பரிவுடன் கூறி, அவர் மன்றாட்டைத் தொடங்கினார்.

சுரங்கத்துக்குள் எவரோ நீண்ட பெருமூச்சு விட்டார். அதற்கும் கீழே, மூடிய பள்ளத்தின் அடியிலிருந்து எழுவதுபோல், பிஸ்ரத் பிறந்த நாள்முதல் அறிந்த குரல் ஒன்று திணறியது.

"என் பேரு... மகனே, என் பேரைச் சொல்லு..."

பிஸ்ரத் நினைவைத் துழாவினான். சற்றுமுன் தெளிவாக நின்ற அப்பெயர் இப்போது அங்கும் இல்லை.

மன்றாட்டு முடிந்து அவன் வாசலை அடைந்தபோது வெர்க்கே வெறுங்கையோடு நின்றிருந்தாள்.

"ஒங்களுக்குக் கொஞ்சம் முன்னாடி சுரங்கத்தோட அந்தப் பக்க வாசல்லேந்து ஒருத்தர் வந்தாரே, ஒங்ககூட வந்தவரா? கழுத்தச் சாச்சுக்கிட்டே நடந்தாரு. 'நாந்தான் ஃபிக்ரே மரியாம், என் செருப்பக் குடு'ன்னு ஒங்க செருப்ப வாங்கிப் போட்டுக்கிட்டு ஊருக்குள்ள போயிட்டாரு. யாரு தம்பி அந்த ஃபிக்ரே மரியாம்?"

அப்பெயரை எங்கும் கேட்டதாகப் பிஸ்ரத்துக்கு நினைவில்லை.

"தெரியலையே, அக்கா."

அவள் காலடியில், அம்மனிதர் விட்டுச்சென்ற, டயரை வெட்டித் தைத்த பழைய செருப்பிணை ஒன்று கிடந்தது. அதன் சேறு இன்னும் காயவில்லை. பிஸ்ரத்தின் பாதங்கள், அவன் ஏவாமலே, அதனுள் நுழைந்துகொண்டன. அளவு சரியாக இருந்தது.