மேல்தட்டுப் புகை

“கம்பனி தந்த இந்தக் கடிதத்தில கையெழுத்து வைச்சா, ஒரு உயிர் போனதுக்கு என்ர மனுசன்தான் காரணம் எண்டாகும். வைக்காட்டிப் பொலிசில குடுப்பினமாம். நீங்கள்தான் பாக்கவேணும் அக்கா.”

வட்டக்கச்சியிலிருந்து வந்த தேனுகா இதைச் சொன்னபோது, அவள் கணவன் லக்ஷன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயணிகள் கப்பலொன்றில் அவன் மின்பணியாளன். கீழ்த்தட்டுகளில் கடல்நீர் புகுந்து பெரிய இயந்திரங்கள் நின்றன. கப்பல் இருண்டது. இருட்டுப் படியில் ஒரு மூதாட்டி விழுந்து இறந்தார். அவசர ஜெனரேற்றரை இவன் இயக்கவில்லை என்று கம்பனி பழியைப் போட்டுவிட்டது. பெரிய இடங்களுக்குப் பழிபோட எப்போதும் ஓர் ஏழை அகப்பட்டுவிடுகிறான்.

“மேல்தட்டுக்கு ஓடிப்போய்ப் போட்டனான். ஜெனரேற்றர் ஓடின சத்தமும் கேட்டது. வெளிச்சம்தான் வரேல்லை,” என்றான் லக்ஷன்.

காப்புறுதி விசாரணைகளில் தலைநரைத்த கமலாசனி இடைமறிக்காமல் கேட்டார். அவருடைய வலக்கையான ஆட்டோக்காரர் ஆண்டியப்பன், கிளிநொச்சி விடுதியில் தங்கியிருந்த கம்பனி முகவர் ராஜரத்தினத்தைக் கையோடு கூட்டிவந்தார்.

ராஜரத்தினம் கைபேசியை நீட்டினார். “உயிர்காப்புப் படகில ஏறின பயணி ஒராள் விடியக்கருக்கலில எடுத்த படம். ஒரு லைற்றாவது எரியுதோ? எங்கட ரெண்டு கப்பலையும் போன வருசம்தான் புதுப்பிச்சது. மேல்தட்டில நீச்சல் தடாகம்கூட இருக்கு. அதுக்கு இடம் எடுக்க அவசர சுவிட்ச்போர்ட் அறையைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினனாங்கள். அவ்வளவு செலவழிச்ச கப்பல்! இவரின்ர கவலையீனத்தால பேர் கெட்டுப்போச்சு.”

“டீசலை ஆரோ களவெடுத்திட்டாங்கள்!” என்று துள்ளினார் ஆண்டியப்பன்.

“கொஞ்சம் பொறுங்கோ.” கமலாசனி படத்தைப் பெருப்பித்தார். “மேல்தட்டுக் குழாயில கறுப்பா என்ன இது?”

“புகை,” என்றார் ஆண்டியப்பன்.

“பெரிய இயந்திரமெல்லாம் தண்ணிக்குள்ள. சனம் படகில இறங்கின பிறகு எடுத்த படம். அப்ப இது எதின்ர புகை? தம்பி போட்ட ஜெனரேற்றர் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கு. ஆண்டியப்பன், போன வெள்ளத்துக்கு நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

ஆண்டியப்பன் அசடு வழிந்தார். “குளத்தின்ர வான்கதவு திறக்கினம் எண்டதும் ஜெனரேற்றரை நெல்லு மூட்டைக்கு மேல ஏத்தினன். வயர் போற பெட்டியை நிலத்திலயே விட்டிட்டன். பெட்டிக்குள்ள தண்ணி போச்சு. ஜெனரேற்றர் ஓடிச்சு, வீடு இருட்டு.”

“அதுதான் கப்பலிலயும் நடந்தது. ஜெனரேற்றர் மேல, அதின்ர கரண்டைப் பிரிச்சு அனுப்புற சுவிட்ச்போர்ட் கீழ தண்ணிக்குள்ள. நீங்கள் அவசரத்தில விட்ட பிழையை இவை திட்டம் போட்டுச் செய்திருக்கினம்.” கமலாசனியின் முகம் சிவந்துவிட்டது. “நீந்தி விளையாட இடம் வேணுமெண்டு, உயிர் காக்கிற சுவிட்ச்போர்ட்டைத் தண்ணி வாற இடத்துக்கு இறக்கிப்போட்டு, ஓடிப்போய்ப் போட்டவனைக் குற்றவாளி எண்டு சொல்லுறீங்களோ? வெக்கமில்லையோ?”

ராஜரத்தினம் கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “இதைப் பெரிசாக்காமல் கதைச்சு முடிப்பம். லக்ஷனுக்குத் திரும்ப வேலை தரச் சொல்லுறன்.”

லக்ஷன் தலை நிமிர்ந்தான். “ரெண்டு கப்பலையும் புதுப்பிச்சது எண்டனீங்கள். மற்றதிலயும் சுவிட்ச்போர்ட் கீழதானே? அது இப்ப எங்க?”

“கடலில.”

“ஆக்களோடயோ?”

ராஜரத்தினம் ஆமென்று தலையசைத்தார்.

“பிறகென்ன என்ர வேலையைப் பற்றிக் கதை? போனை எடுங்கோ ஐயா! அதைக் கரைக்குத் திருப்பச் சொல்லுங்கோ!” என்று கத்தினான் லக்ஷன்.