விம்மல் என்றொரு குமிழ்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் கார்த்திகை மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. குடையை மடக்கியபடியே டீக்கடைக்குள் ஓடிவந்த பொன்மணி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனைக் கவனிக்கவில்லை. குடைத் தண்ணீர் மொத்தமும் அவன் மடியிலிருந்த லேப்டாப்பில் கொட்டியது.

"ஏங்க... கண்ணு தெரியலையா? எனக்கு இருக்கது இது ஒண்ணுதான்!"

"சாரிங்க... சாரி..."

துப்பட்டாவாலேயே துடைக்கப் போனாள். அவன் தடுத்தான். விரல்கள் உரசிக்கொண்டன. நிமிர்ந்து பார்த்தான்... இரண்டு நாள் தூங்காத கண்கள். அதிலும் ஓர் அழகு! 'சீ, என்ன நினைப்பு இது' என்று பார்வையைத் திரையில் இறக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

திரையில் தும்பி.

தும்பி, கம்ப்யூட்டரையே வாத்தியமாக்கும் மென்பொருள். இலவசம். யார் வேண்டுமானாலும் அதன் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் திருத்துகிறவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான். பிரேசிலில் ஒருவர், பின்லாந்தில் ஒருவர்... மூன்றாவது ஆள் பொன்மணி. பகலில் சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. மற்ற நேரமெல்லாம் தும்பி. அதை வாசிக்கிற ஒரு மனுஷரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை.

"இது பழைய வெர்ஷனாச்சே... புதுசு வந்துட்டுல்லா?"

"புதுசு அழாதுங்க."

"என்னது?"

அவன் பெயர் லிங்கேஷ். கரிவலம்வந்தநல்லூர்க்காரன். அவன் அம்மா பிச்சம்மாள் துஷ்டி வீடுகளில் மைக் வைத்து ஒப்பாரி பாடுகிறவள். லேப்டாப்பில் தும்பியோடு இணைத்து அவளுக்குக் கீபோர்டு வாசிப்பவன் அவன். பழைய தும்பியில் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தால் அது லேசாக இறங்கும், நடுங்கும்... அழுது அழுது தொண்டை கட்டியவர் குரல் மாதிரி. புதியதில் அந்த நடுக்கம் இல்லை.

"ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நிக்கு. அத வச்சு எப்படிங்க அழ? பழசு வேற கம்ப்யூட்டர்ல ஓடாது. இந்தப் பெட்டி போச்சுன்னா அம்மா பாட்டும் போச்சு. அதச் செய்றவங்களுக்கு எழுதிப் போட்டேன். எவனோ ஒரு மகராசன் ஒரே வரியில முடிச்சுட்டான்... 'அது பிழை, திருத்தியாச்சு'ன்னு. பேருகூடப் போடல."

அந்த மகராசன் அவள்தான்.

சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கரிவலம் பஸ் வந்துவிட்டது. ஏறும்போது அவன் திரும்பிச் சிரித்தான்.

"அடுத்த செவ்வாயும் இங்கனதான் நிப்பேன்... குடைய மட்டும் தள்ளிப் பிடிங்க!"

வீட்டுக்கு வந்து அவன் எழுதியதைத் தேடி எடுத்தாள். தான் பதில் போட்ட தேதியைப் பார்த்தாள். எட்டு மாதத்துக்கு முன், அப்பா இறந்து பதினாறு கழிந்த மறுநாள். எல்லோரும் அழுத வீட்டில் அவளுக்கு மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. 'கல்லு மாதிரி இருக்கா பாரு' என்று சொந்தங்கள் பேசியது காதில் விழுந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணில் பட்ட புகார்களை ஒவ்வொன்றாக முடித்துவைத்தாள்... அதில் இதுவும் ஒன்று.

அந்த நடுக்கம் ஒரு கணக்குப் பிழையால் வந்தது. அதைக் கண்டுபிடித்து நேராக்கியதில் அவளுக்கு எவ்வளவு பெருமை! அதை நம்பி ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள் என்று தோன்றவேயில்லை. ஆறு நாள் உட்கார்ந்து நடுக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். கூட்டவும் குறைக்கவும் திரையில் ஒரு குமிழ் வைத்தாள். அதற்குப் பெயரும் வைத்தாள்... விம்மல்.

செவ்வாய்க்கிழமை அவன் டீ வாங்கிக் கொடுத்தான். அவளால் குடிக்க முடியவில்லை.

"என் பேரு பொன்மணி. அந்த ஒரு வரி... நான்தாங்க எழுதினேன்."

அவன் முகம் இருண்டது.

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா? நான் பொலம்புனத எல்லாம் கேட்டு உள்ளுக்குள்ள சிரிச்சியளோ?"

"ஐயோ, இல்லங்க... அந்த நடுக்கத்தச் சேத்துப் புது வெர்ஷன் போட்டிருக்கேன்..."

"இழவு வீட்டுல வாசிக்கவன்னு பரிதாபமாக்கும். வேண்டாங்க."

பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் மழைக்குள் இறங்கி நடந்தான். அடுத்த செவ்வாய் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. 'சொல்லாமலே இருந்திருக்கலாமோ... ச்சே, அது இதைவிடக் கேவலம்' என்று தனக்குள்ளேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

மார்கழி பிறந்தது. பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள் இறந்துபோனாள். பந்தலில் பெண்களோடு உட்கார்ந்திருந்த பொன்மணி, மைக்கில் ஒப்பாரி கேட்டு நிமிர்ந்தாள். பாடுகிற அம்மாவுக்குப் பக்கத்தில் கீபோர்டோடு... லிங்கேஷ்! அவன் முன்னால் இரவல் வாங்கிய வேறொரு லேப்டாப். பழைய தும்பி அதில் ஓடாதே... அப்படியென்றால்?

பிச்சம்மாள் மூச்சு வாங்க நிறுத்தினாள். சுரம் மட்டும் தனியே நின்றது... இறங்கியது... விம்மியது. அப்பாவின் இருமல், கொடியிலேயே கிடந்த அப்பாவின் சட்டை, எல்லாம் ஒன்றாக மேலே வந்தன. பக்கத்திலிருந்தவர்கள் திடுக்கிடும்படி பொன்மணி வாய்விட்டு அழுதாள். இத்தனை மாத அழுகை. அவன் பார்த்துவிட்டான். கை மட்டும் நிற்காமல் வாசித்துக்கொண்டிருந்தது.

சொந்தக்கார ஆண்கள் எல்லோரும் சுடுகாட்டுக்குப் போனபின், வயரைச் சுற்றியபடி அவளருகே வந்தான்.

"பழைய பெட்டி போயிட்டுங்க. வேற வழியில்லாம உங்க புதுசப் போட்டேன். அம்மா கேட்டுட்டு, 'ஏலே, இது எந்தப் பொம்பள அழுவுதா?'ன்னா. ஒரு வாரமாச்சு. வாய விட்டுட்டேன்லா... வந்து சொல்ல முகம் இல்ல."

"அப்பா போனப்ப எனக்கு அழுகையே வரலங்க..." துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "இன்னைக்குத்தான் வந்துச்சு."

அவன் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான். பையைத் தோளில் மாட்டினான். ஒரு வார்த்தை இல்லாமல் படியிறங்கினான். துஷ்டி வீட்டிலிருந்து போகிறவர்கள் 'வாரேன்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அது வழக்கம், அவளுக்கும் தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை... பின்னாலேயே தெருவுக்கு வந்தாள்.

அவன் போகவில்லை. அடுத்த வாசலில், அவள் வீட்டுக் கேட்டுக்கு முன்னால், தூறலில் நனைந்தபடி நின்றான்.

"இது உங்க வீடுதான? பந்தல்ல சொன்னாங்க."

"ஆமா..."

"அப்ப இங்கன வச்சுச் சொல்லலாம். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு பொன்மணி. திட்டிட்டுப் போன அன்னைக்கும் பிடிச்சுத்தான் இருந்துச்சு. பக்கத்து வீட்டுப் பதினாறு கழியட்டும்... அம்மாவக் கூட்டிட்டு வாரேன்."

அழுது வீங்கிய கண்களை அவள் மறைக்கவில்லை.

"எனக்கும்தான்... வாங்க," என்றாள்.