எழுந்து போனவர்

"செய்யறதையும் செஞ்சுட்டு இப்ப எதுக்கு இங்க வந்து நிக்கறே?"

பேருந்து நிறுத்தத்தில் மழைக்குப் பக்கத்தில் ஒதுங்கியிருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"நான் என்னங்க செஞ்சேன்?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்களை இல்லைங்க... வசனம். இன்னிக்கு ஒரு நாடகக் குழுவுல தேர்வு. சொல்லிப் பார்த்துட்டிருந்தேன்."

அவர் நனைந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். கண்ணாடியில்லாத கண்கள் வழி தெரியாமல் வந்து நின்றவை போல விழித்தன. அது அவளுக்குப் பிடித்துத் தொலைத்தது.

"இன்னொரு தரம் திட்டுங்களேன். நல்லா இருந்துது."

"ஓசியில திட்டு வாங்க அவ்வளவு ஆசையா?"

சிரித்தாள். மழை விடுகிற வழியாக இல்லை. பேச்சோடு பேச்சாக, இந்த வாய்ப்பும் கைநழுவினால் திங்கட்கிழமை முதல் சித்தப்பாவின் துணிக்கடைதான் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதையும் சொன்னாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. மழை சற்றுக் குறைந்ததும் தலையாட்டிவிட்டு நடந்துவிட்டார்.

தேர்வு அறையில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் மூத்த நடிகை, ஒன்றில் இசையமைப்பாளர். நடுவில் இயக்குநர்... அதே கண்ணாடி.

அவளைப் பார்த்ததும் அவர் எழுந்தார். மற்ற இருவரிடமும் குனிந்து ஏதோ சொன்னார். வெளியே போய்விட்டார்.

'முகத்தைப் பார்த்தே வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சா?' அந்த எரிச்சலோடுதான் நடித்தாள். பாதி நன்றாக வந்தது.

"எனக்குப் பிடிச்சுதும்மா. இசையமைப்பாளருக்குத்தான் திருப்தியில்லை. இருக்கிற ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் எடுக்க முடியும்" என்றார் மூத்த நடிகை, வருத்தத்துடன்.

இயக்குநர் வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அவள் நேரே போய் நின்றாள்.

"என் நடிப்பைப் பார்க்கக்கூட மனசு வரலையா? இயக்குநர்னா கொம்பா முளைச்சிருக்கு?"

"தேர்வு பண்றவங்க, தங்களுக்கு வேண்டியவங்க வந்தா வெளியே போயிடணும். முன்னாடி ஒரு தடவை, தேர்வு பண்ண வந்த ஒருத்தரோட மச்சினிச்சிக்காக வேற ஒரு பொண்ணோட வாய்ப்பு போச்சு. அப்ப நான் போட்ட சட்டம் அது."

"நான் எப்ப உங்களுக்கு வேண்டியவளானேன்? ஒரு மழைக்கு ஒதுங்கி நின்னோம், அவ்வளவுதானே?"

"அதான் எனக்கும் புரியலை..." அவர் குரல் தணிந்தது. "நான் யாருன்னு அங்கேயே சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க சிரிக்கறதை நிறுத்திடுவீங்கன்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் அந்த நாற்காலியில உட்கார எனக்கு என்ன யோக்கியதை?"

"நீங்க இருந்திருந்தா எனக்குக் கிடைச்சிருக்கும்."

"கிடைச்சிருக்கும். உங்க நடிப்புக்காகவா, என் ஆசைக்காகவான்னு ரெண்டு பேருக்குமே கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது."

ஆசை என்றுவிட்டார். அந்தச் சொல்லை அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. அவளுக்குக் கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் அங்கிருந்து போக மனம் வரவில்லை.

"ஒருவேளை எடுத்திருந்தா... இதைச் சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன். வேலை வாங்கற இடத்துல நான், செய்யற இடத்துல நீங்க. வாயைத் திறந்திருக்க மாட்டேன்."

வெளியே மழை மறுபடி வலுத்தது.

"துணிக்கடைக்குப் போறேன். ஆனா அடுத்த நாடகத்துக்கும் தேர்வுக்கு வருவேன்" என்றாள்.

"வாங்க."

"அப்பவும் எழுந்து போகணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "போறேன்."

"எத்தனை தடவை வந்தாலும்?"

"எத்தனை தடவை வந்தாலும்... இதே படியில உட்கார்ந்திருப்பேன்."

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்க" என்றாள். "எனக்கும் நீங்க வேண்டியவர்தான்."