வெதுவெதுப்பு

குழந்தையின் பிடரி வியர்த்திருந்தது.

அவள் விரல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஈரம்தான். வெளியே ஜன்னல் கண்ணாடியின் ஓரங்களில் பனி பூத்து, தெருவிளக்கின் மஞ்சளைப் பொடிப்பொடியாக உடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே, தரைப்பலகைகளின் இடுக்கிலிருந்து கிளம்பிய குளிர் அவளுடைய இரட்டைக் காலுறைகளைத் துளைத்துக் குதிகாலைக் கடித்தது. சுவரோரத்து வெந்நீர்க் குழாய் எப்போதாவது ஒருமுறை கிளுக்கென்று ஓசையிட்டு, வேலை செய்வதாக நடித்தது. அந்த அறையில் யாருக்கும் வியர்க்க வழியில்லை.

அப்புறம்தான் கம்பளியைப் பார்த்தாள். சாம்பல் நிறம். குழந்தையின் மோவாய் வரைக்கும் இழுத்து, இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, ஒரு கடிதத்தை உறைக்குள் போட்டதுபோல அத்தனை அக்கறையாகப் போர்த்தியிருந்தார்கள்.

அவள் போர்த்தவில்லை.

குழந்தை குறைமாதத்தில் பிறந்தவள். முதல் ஸ்கேனில் பட்டாணி அளவுக்குத் தெரிந்ததால் பட்டாணி என்றே பெயர் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது பிரசவ வார்டு நர்ஸ் அவளை உட்காரவைத்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்: மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், தொட்டிலில் குழந்தையும் மெத்தையும் தவிர எதுவும் கூடாது, போர்வை முகத்தில் ஏறினால் அதைத் தள்ளிவிட இந்தக் கைகளுக்குத் தெரியாது, குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்க்காதே, பிடரியைத் தொட்டுப் பார், குளிருக்குப் பயப்படும் அளவுக்கு அதிகச் சூட்டுக்கும் பயப்படு. திரைச்சீலை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவள் அவள். வீட்டுக்கு வந்ததும், போர்வைக்குப் பதிலாகக் குழந்தை உள்ளே நுழைந்து தூங்க, தன் கையாலேயே ஒரு தூக்கப்பை தைத்தாள். கை நுழைக்க அளவான ஓட்டை, தலைக்கு மேல் ஏறாத கழுத்து, கால் உதைத்து விளையாட அடியில் தாராளமாக இடம். பட்டாணிக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆக, கம்பளி நாத்தனாருடைய வேலை.

கேட்கவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் நேராகக் கேட்பதில்லை, குத்தல்தான் பேச்சு. கம்பளியை நாலாக மடித்தாள், மடிப்பு கத்தி முனைபோல் நிற்கும்படி அழுத்தித் தேய்த்தாள், எடுத்துப்போய் நாத்தனாரின் கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். புரிந்துகொள்ளட்டும்.

மறுநாள் மதியத் தூக்கத்தில் கம்பளி மறுபடியும் தொட்டிலில் இருந்தது. மறுபடி மடித்தாள். மறுபடி கட்டிலில் வைத்தாள். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

சாப்பாட்டு மேஜையில் நாத்தனார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் விரல்களை ஊதினாள். ரொட்டிக்கடை அடுப்பில் நிற்பவள். அவள் முழங்கைகளில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும்.

"கை ரெண்டும் ஐஸ்கட்டி. உங்க நர்ஸம்மா சட்டத்துல கைக்கு இடமே கிடையாதோ?"

"கை அப்படித்தான் இருக்கும் அண்ணி. கழுத்துக்குப் பின்னாடி தொட்டுப் பாருங்க."

"நான் தொட்டா தீட்டாயிடும்மா. நீயே தொடு."

"சிலர் தொடாம இருக்கறதுதான் நல்லது. தொடாம, போத்தாம."

"யாரு போத்தினா?"

"யாரோ."

கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன்களைப் பழுதுபார்ப்பவன். குளிர் ஏற ஏற ஊரே அவனைத்தான் கூப்பிடும். "ஊர்ல இருக்கிற வீட்டுக்கெல்லாம் சூடு ஏத்திட்டு வரேன். நம்ம வீட்டுல மட்டும் பனிப்போர்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. பட்டாணி மட்டும் ஏப்பம் விட்டாள்.

அன்று மாலை கம்பளியை மடிக்கும்போதுதான் அவள் கவனித்தாள், ஒரு தையல்காரியின் கண்ணோடு. துணி எதுவானாலும் ஒரு கரை இருக்கும். நெசவு தொடங்கிய இடம், முடிந்த இடம், மடித்து அடித்த விளிம்பு. இதில் இல்லை. விரலை ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போனால் ஓரம் வந்துகொண்டே இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு நெடுநேரம் மூச்சுவிட்டால் உள்ளே ஒரு வாசனை சேருமே, பாலும் உமிழ்நீரும் பழைய காற்றும் கலந்த வாசனை, அது. சுருட்டிப் பிடித்த இடத்தில் உள்ளங்கை சுட்டது. இப்போதுதான் யாரோ அதற்குள்ளிருந்து எழுந்து போனதுபோல.

பனிப்புயல் வந்த அன்று கணவன் விடியும் முன்பே கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். முதியோர் இல்லத்தில் கொதிகலன் நின்றுவிட்டதாம். நாத்தனார் அதற்கும் முன்பே கடைக்குப் போயிருந்தாள். மதியத்துக்குள் சாலைகளை மூடிவிட்டார்கள். தெருவில் ஒரு கார்கூடத் தெரியவில்லை, வெள்ளை மேடுகள்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் குளிருக்குப் பயந்து மகள் வீட்டுக்குப் போய் ஒரு வாரமாகிறது. வெளிச்சம் சாம்பலாகி, நீலமாகி, மாலை ஆவதற்குள்ளேயே இருட்டிவிட்டது. அப்போது மின்சாரமும் போயிற்று. குழாய் ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.

அவள் பதறவில்லை. பட்டாணிக்கு உள்ளே பருத்திச் சட்டை, மேலே கம்பளிச் சட்டை, அதன்மேல் தூக்கப்பை. பிடரி இதமாக, உலர்ந்திருந்தது. மல்லாக்கக் கிடத்தினாள். கீழே போய்ச் சமையலறை இழுப்பறையில் டார்ச்சைத் தேடி எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

கம்பளி தொட்டிலில் இருந்தது. இந்த முறை மோவாயோடு நிற்கவில்லை. கீழ் உதடு வரைக்கும் வந்திருந்தது.

வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

பிடுங்கி எறிந்தாள். குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையால் போனை எடுத்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க."

"கடையில மாட்டிக்கிட்டு ரொட்டி மேல தூங்கப்போறேன், இனிமே கோவம் எங்கேர்ந்து வரும்? கேளு."

"குழந்தைக்குச் சாம்பல் கம்பளியப் போத்தறது நீங்கதானே?"

"எது? நீ எனக்குக் குடுத்ததா?"

"நான் குடுத்தேனா?"

"தினமும் அழகா மடிச்சு என் கட்டில்ல வெக்கறியே. வாய் பேசாட்டியும் மனசுல ஈரம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். போத்திக்கிட்டுத்தான் தூங்கறேன். காலையில இருக்காது. நீ வந்து எடுத்துட்டுப் போயிடுவன்னு..."

நாத்தனாரின் குரல் இறங்கியது.

"ஏம்மா, ராத்திரி என் காலடியில செருகிவிட்டுப் போறது நீதானே? தூக்கத்துல யாரோ கழுத்து வரைக்கும் இழுத்துவிடற மாதிரி... தலையத் தடவற மாதிரி... எங்கம்மா போனப்புறம் யாரும் எனக்கு அப்படிச் செஞ்சதில்ல. அதான் நானும் கண்ணத் தெறக்காமலே படுத்திருப்பேன்."

"நான் உங்க ரூமுக்கு ராத்திரி வந்ததே இல்ல அண்ணி."

"குழந்தையத் தூக்கு."

"தூக்கிட்டேன்."

"கீழ விடாத. யாரு வந்து கேட்டாலும் குடுக்காத. நான் வரேன். நடந்தாவது வரேன்."

இரண்டு கையும் வேண்டியிருந்தது. போனை மேஜையில் வைத்தாள்.

கீழே இறங்கி வாசற்கதவைத் தள்ளிப் பார்த்தாள். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. இடுப்புயரப் பனி அதற்கு முட்டுக்கொடுத்து நின்றது. அசையவில்லை. கூடத்து ஜன்னல்களிலும் பாதிக்குமேல் பனி. கணவனின் பெரிய கோட்டை எடுத்து மாட்டினாள். குழந்தையைத் தூக்கப்பையோடு தன் நெஞ்சோடு சேர்த்துத் துண்டால் கட்டி, முகம் மட்டும் வெளியே தெரியும்படி கோட்டின் பொத்தான்களைப் போட்டாள். அவள் உடம்பின் சூடு போதும். அது எவ்வளவு, எப்போது அதிகமாகும் என்று அவளுக்குத் தெரியும். உதவி வரும்போது தெருவைப் பார்க்க மாடி ஜன்னல்தான் வழி. திரும்ப ஏறினாள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

குளிர் ஏறும் என்று காத்திருந்தாள்.

ஏறவில்லை.

முதலில் கால்விரல்களில் தெரிந்தது, வெந்நீரில் மெல்ல இறக்கியதுபோல. பிறகு ஜன்னலில் பூத்திருந்த பனி உட்பக்கமாக நெகிழ்ந்து, கண்ணாடியில் கோடு கோடாக வழிந்து, சட்டத்தின் அடியில் சொட்டத் தொடங்கியது. கொதிகலன் செத்துக்கிடந்த வீட்டில், அடுப்பில்லாத அறையில், சுவர்கள் ஒரு பெரிய மிருகத்தின் விலாவைப்போல வெதுவெதுத்தன. அந்த வாசனை வந்தது. பால், உமிழ்நீர், பழைய காற்று. எங்கோ மிக அருகில், மூச்சுவிடும் அளவுக்கே ஓசையெழுப்பி, யாரோ தாலாட்டு மாதிரி ஒன்றை முனகினார்கள். ம்ம்ம். ம்ம்ம். சொல் இல்லாத பாட்டு. எத்தனை நாளாக அவள் தூங்கவில்லை. எத்தனை நாளாக யாரும் அவளைத் தூங்கச் சொல்லவில்லை. கண்ணிமைகள் தேனில் நனைந்ததுபோல் ஒட்டின.

நாற்காலியில் குழந்தையோடு தூங்கிவிடாதே, நழுவி உன் உடம்புக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் அமுங்கிவிடும். நர்ஸ் அதையும் சொல்லியிருந்தாள்.

தூங்கக்கூடாது.

மடியில் ஏதோ கனத்தது.

கண்ணைத் திறந்தாள். கம்பளி அவள் முழங்கால்களின் மேல் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. தொடை. இடுப்பு. வலது பக்கம் ஒரு செருகல். இடது பக்கம் ஒரு செருகல். அத்தனை மென்மை. அத்தனை பழக்கம். பட்டாணியின் மோவாயை நோக்கி அதன் ஓரம் ஊர்ந்தது.

அவள் பற்றிக்கொண்டாள். இழுத்தாள்.

மறுமுனையில் யாரோ பிடித்திருந்தார்கள்.

"விடு."

விடவில்லை. ஓரம் ஒரு விரற்கடை மேலே வந்தது.

"விடுடீ!" அவள் எழுந்து நின்றாள். தன் குரலே அறையில் பட்டுத் திரும்பியது. "என் புள்ளைக்குக் குளிரல. யாரு உன்னக் கூப்பிட்டா? எத்தன போத்தணும், எப்ப எடுக்கணும்னு எனக்குத் தெரியும். இது என் தொட்டில், என் வீடு, என் புள்ள. வெளிய போ!"

முனகல் நின்றது.

அப்புறம், காதுக்குப் பக்கத்தில், சூடாக: "ஷ்ஷ்ஷ்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

பட்டாணி பிறந்ததிலிருந்து குளிர்தான் எதிரி என்று நினைத்திருந்தாள். கம்பளியை ஒரே உதறாக உதறிவிட்டுத் தாவினாள். கொக்கியை முஷ்டியால் குத்தினாள். கண்ணாடிக் கதவுகள் இரண்டும் விரியத் திறந்தன. காற்று அறைக்குள் பாய்ந்தது. திரைச்சீலை கொடிபோல் படபடத்தது. பனி உள்ளே கொட்டியது. அவள் காற்றுக்கு முதுகைக் காட்டி, குழந்தைக்கு மதிலாக, கோட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். குளிர் அவள் கழுத்தில் பல் பதித்தது. தூக்கம் பறந்தது. பட்டாணி வீறிட்டு அழுதாள்.

"அழு கண்ணு. நல்லா அழு. கத்து!"

பலகைகள் வெளுத்தன. தொட்டிலின் மெத்தையில் பனி விழுந்தது. நாற்காலியில் விழுந்தது. அறை நடுவில் மட்டும் விழவில்லை.

டார்ச்சை உயர்த்தினாள். காற்றில் சுழன்று வந்த பனித்துகள்கள் அந்த இடத்தை அடைந்ததும் காணாமல் போயின. குனிந்த முதுகின் வளைவில் காணாமல் போயின. நீட்டிய இரண்டு கைகளின் நீளத்துக்குக் காணாமல் போயின. தலை இருக்கவேண்டிய உயரத்தில், மெல்ல நிமிர்ந்து, அவள் பக்கம் திரும்பிய ஒரு வட்டத்தில் காணாமல் போயின.

அவள் நகரவில்லை.

"வா," என்றாள். பல் கிட்டித்தது, குரல் நடுங்கவில்லை. "வந்து பாரு. விடியற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன். ஜன்னலும் இப்படித்தான் இருக்கும்."

வெண்தரையில் ஒரு பாதம் உருகியது. ஐந்து விரல்களும் தெளிவாக. ஆவி எழுந்தது.

இன்னொரு பாதம்.

அவள் குழந்தையின் மேல் கைகளைக் கோத்துக்கொண்டாள். டார்ச்சின் வட்டம் தரையில் இறங்கியது. பாதங்கள் நின்றுவிட்டன. ஆனால் அவற்றுக்குப் பின்னால், தொட்டிலின் அடியிலிருந்து, கட்டிலின் அடியிலிருந்து, கதவு இடுக்கிலிருந்து, பனி வேறிடங்களில் உருகத் தொடங்கியது. நெல்லிக்காய் அளவு உள்ளங்கைகள். சின்ன முழங்கால்கள். ஒன்றன் பக்கத்தில் ஒன்று, ஒன்றின்மேல் ஒன்று, எண்ண முடியாத அளவுக்கு, அந்தப் பெரிய பாதங்களைச் சுற்றிக்கொண்டு, ஓசையே இல்லாமல், அவளை நோக்கித் தவழ்ந்து வந்துகொண்டிருந்தன.