வெயில் தின்ற சாயம்

காலை 10:40. களை பறித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி குடத்தை எடுக்கப் போனாள். போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பண்ணை வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வுக்காரர் சாயத் தொட்டிமேல் குப்புறக் கிடந்தார். நெற்றி சிமென்ட் விளிம்பில் பிளந்திருந்தது. முகம் தண்ணீருக்குள். அந்தத் தொட்டி பாய்போல அகலம், ஆழமோ இரண்டு விரற்கடைதான். பச்சையும் மஞ்சளும் கலந்த தண்ணீர் வெயிலில் கண்ணைப் பறித்தது.

11:10. இன்ஸ்பெக்டர் அம்மா வந்து இறங்கும்போதே, செத்தவரின் தம்பியை ஜீப்பில் ஏற்றி வைத்திருந்தார்கள்.

"கேஸ் முடிஞ்ச மாதிரிதான் மேடம்," என்றார் கான்ஸ்டபிள். "ஆறேகாலுக்கு அண்ணன் தம்பிக்குள்ள சண்டை. 'என் புள்ளையக் கொன்னது உன் கைதான்'னு இவன் கத்தியிருக்கான். ஊரே கேட்டிருக்கு."

"எந்தப் புள்ள?"

"மூணு மாசக் கைக்குழந்தை. போன மாசம் நீலம் பாரிச்சுச் செத்துப்போச்சு. புட்டிப்பாலு. குடியிருப்புக் கிணத்துத் தண்ணியிலதான் கரைச்சுக் குடுத்திருக்காங்க. வயலுக்குப் பாயுற உரத் தண்ணி கிணத்துல இறங்குதுங்கறது இவன் கட்சி. அந்தத் தண்ணியத் திறந்துவிடுறது அண்ணன்."

"அதுக்கப்புறம் இவன் எங்க இருந்தான்?"

"கடைசி வயல்ல தனியா. பத்து மணி வரைக்கும் சாட்சிக்கு ஒரு காக்கா குருவி இல்ல."

அம்மா ஜீப்புக்குள் பார்த்தாள். அவன் மறுத்துப் பேசவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுகிற முகம். இப்படிப்பட்டவனைத் தூக்கில் போடுவது சுலபம். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பண்ணைப் பொறியாளர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். தண்ணீரும் உரமும் எவ்வளவு போகவேண்டும் என்று திட்டம் போடுகிறவர்.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"ஆறரைக்கு. சாயம் கலக்கி முடிச்சிட்டுத் தொட்டிகிட்ட நின்னாரு. நான் டவுனுக்குக் கிளம்பிட்டேன்."

"திரும்பினது?"

"பத்து பத்து. கேட் புத்தகத்துல இருக்கு. நேரா ஆபீஸ் ரூமுக்குப் போயிட்டேன்."

"தொட்டிப் பக்கம்?"

"போகல. சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன்."

"இது என்ன சாயம்?"

"மருந்துதான் மேடம். கருவிழியில கீறல் இருக்கான்னு பார்க்கக் கண் ஆஸ்பத்திரியில சொட்டு விடுவாங்களே, அது. பாசனத் தண்ணியில கலந்து விட்டா, வேருக்கு எவ்வளவு போகுது, அடிமண்ணுக்கு எவ்வளவு இறங்குதுன்னு மண்ணை எடுத்து மீட்டர்ல பார்த்துடலாம்."

"நீங்களே கலக்குவீங்களா?"

"எனக்கு ரூம்ல மீட்டர் வேலை. கலக்குறது அவரு."

அம்மா தொட்டியைச் சுற்றி வந்தாள். பக்கத்தில் மரமும் இல்லை, கூரையும் இல்லை. சுருட்டி வைத்த ஒரு சாக்கு மட்டும் விளிம்போரமாகக் கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். காய்ந்த சாக்கு.

11:30. தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஜீப் இருக்கைக்கு அடியில் இருட்டில் வைத்தாள். இன்னும் கொஞ்சத்தை விளிம்பு உயர்ந்த ஓர் அகலத் தட்டில், அதே இரண்டு விரற்கடை ஆழத்துக்கு ஊற்றி, வெட்டவெளியில் வைத்தாள்.

"மேடம், அது நான் சாப்பிடுற தட்டு."

"இன்னைக்கு இலை தேடிக்குங்க."

களைபறிக்கும் பெண்கள் வரப்பில் குந்தியிருந்தார்கள். மூத்தவள்தான் பேசினாள்.

"பத்து மணிக்கு எங்ககிட்ட வந்துட்டாம்மா அந்தப் பய. சோத்துல கைய வெச்சுக்கிட்டு அழுதுட்டே இருந்தான். பொணத்தப் பார்க்குற வரைக்கும் எந்திரிக்கல."

"அண்ணன்?"

"சண்டை முடிஞ்சதும் கிணத்துப் பக்கம் போனாரு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே அந்த மனுஷன்."

"பொறியாளர் எப்படி?"

"மீட்டர் சாரா? மண்ணு பட்டா ரெண்டு சோப்பு கேப்பாரு." யாரும் சிரிக்கவில்லை.

"தொட்டிகிட்ட சாக்கு எதுக்கு?"

"சாயம் கலக்கின கையோட நனைச்சு மூடிருவாரு வால்வுக்காரரு. எதுக்குன்னு நாங்க கேட்டதில்ல. மீட்டர் சாருக்கு அப்படி ஒரு சாக்கு இருக்குறதே தெரியாது."

இன்ஸ்பெக்டர் அம்மாவின் தாய் நாற்று நட்டே முதுகு வளைந்தவள். உழைக்கிறவன் காரணமில்லாமல் ஒரு சாக்கைக்கூட எடுத்துப் போடமாட்டான் என்பது அம்மாவுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1:00. வால்வுக்காரர் புழங்கிய மோட்டார் அறையில், கறுப்புத் துணி சுற்றிய சீசா ஒன்று கிடைத்தது. மேலே கோணல் எழுத்தில்: 'கிணறு. செவ்வாய்.' துணியைப் பிரித்தாள். உள்ளே இருந்த தண்ணீரில் இளம்பச்சை மினுமினுத்தது.

3:30. ஆபீஸ் அறை. மேசைமேல் பாட்டிலையும் தட்டையும் வைத்தாள். பாட்டிலில் இருந்தது காலையில் பார்த்த அதே கண்ணைப் பறிக்கும் பச்சை. தட்டில் இருந்தது பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

"ரெண்டும் ஒரே தொட்டித் தண்ணி. ஒண்ணு இருட்டுல இருந்தது, ஒண்ணு நாலு மணி நேரம் வெயில்ல கிடந்தது," என்றாள். "இந்தச் சாயத்தை வெயில் தின்னுடும் சார். அதனாலதான் அவரு கலக்கினதும் மூடுவாரு. உங்க ரூம்ல வெயில் வராது. உங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

பொறியாளர் தட்டையே பார்த்தார்.

"ஆறரைக்குக் கலக்கி முடிச்சதைப் பார்த்தேன்னு சொன்னீங்க. மூடாம நாலரை மணி நேரம் கிடந்த தண்ணி, நான் வந்தப்போ எப்படிப் பளபளன்னு இருந்தது? தட்டு ஒரு மணி நேரத்துலயே மங்க ஆரம்பிச்சிடுச்சு. அப்போ அவரு கலக்கினதே பத்து மணிக்கு மேல. சாக்கை நனைக்கக்கூட அவருக்கு நேரம் இல்ல. பத்துக்கு மேல தம்பி பத்துப் பொம்பளைங்க நடுவுல. நீங்க பத்து பத்துக்கு உள்ள வந்தீங்க. ஆபீஸ்ல இருந்ததுக்கு யாரு சாட்சி?"

"காலை வெயில் அவ்வளவு..."

"சார்." அவள் குரல் உயரவில்லை. "சாயம் கலக்கி முடிச்சாச்சான்னு யாரும் உங்களைக் கேக்கல. நீங்களா சொன்னீங்க. தம்பி தனியா இருந்த நேரத்துக்குள்ள சாவு விழணும்ல."

சீசாவையும் எடுத்து வைத்தாள். பொறியாளர் நாற்காலியில் சரிந்தார்.

"போன வாரம் வயல்ல விட்ட சாயம் கிணத்துல வந்துடுச்சுன்னு சொன்னாரு. உரமும் அதே வழியாத்தான் போகுது, திட்டம் தப்புன்னாரு. சும்மா இருய்யான்னேன். இன்னைக்கு நான் வந்தப்போ மறுபடியும் கலக்கிட்டு நிக்கிறாரு. 'இப்போ விடுறேன் சார், உங்க கண்ணாலயே கிணத்துல பாருங்க, அப்புறம் என் தம்பிகிட்ட நீங்களே சொல்லுங்க'ன்னாரு. ஒரு குழந்தையோட சாவு என் தலையில விழும் மேடம். தள்ளினேன். விளிம்புல அடிச்சுது."

"முகம் தண்ணியில கிடந்ததே. தூக்கினீங்களா?"

அவர் கர்ச்சீப்பை எடுத்துக் கைகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

5:00. கிணற்றைப் பூட்டச் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினாள். பெஞ்சில் இருந்த தம்பியிடம் நடந்ததைச் சொன்னாள். இழவு வீட்டில் ஆறுதலுக்கு ஒரு பொய்யாவது சொல்லலாம். இதில் அதற்கும் வழியில்லை.

"அப்போ அண்ணனுக்குப் போன வாரமே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏங்க காலைல வாயத் திறக்கல? நான் அவ்வளவு பேசினேனே. காறித் துப்பினேங்க."

அம்மா வாசலைப் பார்த்தாள். வால்வுக்காரரின் மனைவி வந்து நின்றிருந்தாள். செருப்புகூடப் போடாமல் வந்திருந்தாள்.

"தம்பி, எந்திரி. வீட்டுக்குப் போலாம்."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருவேன் அண்ணி?"

அவள் அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நீ காலைல ஒரு தடவை கேட்ட. அவரு ஒரு வாரமா, படுத்தா எந்திரிச்சா, தன் கையப் பார்த்து அதையேதான் கேட்டுட்டு இருந்தாரு."

அவன் எழுந்திருக்கவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.