வாசல் பார்க்காத செருப்புகள்

வாசலில் கிடந்த பதினோரு ஜோடிச் செருப்புகளும் வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தன.

தோமோயே பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றும்போதே அதைக் கவனித்தாள். எவ்வளவு சின்ன விடுதியாக இருந்தாலும், வந்தவர் கழற்றிப்போட்ட செருப்பை யாராவது எடுத்து வாசல் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். கிளம்பும்போது காலை நுழைத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இங்கே அதற்குக்கூட ஆள் இல்லையா, அல்லது கிளம்புகிறவர்களே இல்லையா? தன் பூட்ஸை அவளே திருப்பி வைத்தாள். நான்கு ஐம்பதுக்குக் கடைசி பஸ். அக்கா சாயோவை அதில் ஏற்றாமல் அவள் இந்த மலையை விட்டு இறங்கப்போவதில்லை.

மூட்டு வலிக்கு மூன்று வாரம் வெந்நீர் ஊற்றில் கிடந்துவிட்டு வருகிறேன் என்று போனவள் சாயோ. இது ஏழாவது வாரம். போன் செய்தால் "இன்னும் ஒரு வாரம் தோமோ, இன்னும் ஒரே வாரம்" என்பாள். நான்கு முறையும் அதே வார்த்தை, அதே இடத்தில் அதே மூச்சு. செண்டாய் நகரில் ஒரு மருந்துக்கடையில் இருபது வருடமாக நிற்பவள் தோமோயே. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் ஆள் அல்ல. அக்காவுக்கு இங்கே எதையோ கொடுத்து மயக்கி வைத்திருக்கிறார்கள் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு கட்டியிருந்தாள்.

விடுதிக்காரி இவாசே அம்மாள் சத்தமே இல்லாமல் வந்து மண்டியிட்டுக் குனிந்தாள். பவுடர் பூசிய சின்ன முகம்.

"சாயோ அம்மாவோட தங்கச்சியா? கூடப் பொறந்தவங்களா?"

"ஆமா."

"ஒரே வயித்துல?"

"ஒரே வயித்துலதான். ஏன் கேக்கறீங்க?"

"முகஜாடை அப்படியே இருக்கே, அதான். எத்தனை நாளா காத்துட்டிருந்தோம் தெரியுமா."

வருவதாகத் தோமோயே யாரிடமும் சொல்லவில்லை.

அதைக் கேட்பதற்குள் இவாசே அம்மாள் கால் நனைக்க ஒரு மரத்தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். அதன் மேல் கெட்டிலைச் சாய்த்துக் கொதிநீரை விட்டாள். தோமோயே காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வெந்நீரில் பச்சைத் தண்ணீர் விட்டு ஆற்றுவதுதான் ஊர் வழக்கம். பச்சைத் தண்ணீரின் மேல் வெந்நீர் விடுவது பிணத்தைக் குளிப்பாட்டும்போது மட்டும். அம்மா போன அன்றைக்கு அக்காவும் அவளும் அப்படித்தான் கலந்தார்கள். அதற்கப்புறம் அவர்கள் வீட்டில் பாத்திரம் கழுவக்கூட யாரும் அப்படிக் கலந்ததில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றாள் இவாசே அம்மாள், நிதானமாகத் தொட்டியை நகர்த்தி. "கை பழகிப்போச்சு."

எதில் பழகிய கை? இவாசே அம்மாள் நீட்டிய தேநீரையும் தொடாமல் தோமோயே எழுந்து நடந்தாள்.

நீண்ட நடை. ஒரு பக்கம் காகிதக் கதவுகள், மறுபக்கம் பனி மூடிய கண்ணாடி. தரைக்கு அடியில் எங்கோ ஊற்றுநீர் குழாய்க்குள் தொண்டையைச் செருமிக்கொண்டே ஓடியது. அழுகிய முட்டை போன்ற கந்தக வாடை துணி வரைக்கும் ஏறியது. கூரையிலிருந்து பனி அவ்வப்போது மொத்தமாகச் சரிந்து பொத்தென்று விழுந்தது. இங்கே தங்குபவர்கள் தாங்களே சமைத்துச் சாப்பிடுவார்கள் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஆனால் மீன் சுடும் வாடை இல்லை, சோறு வேகும் வாடை இல்லை. பொதுச் சமையலறையில் எட்டிப்பார்த்தாள். அலமாரியில் பெயர்ச்சீட்டு ஒட்டிய சின்னச் சின்னப் பானைகள். சாயோ என்று எழுதியிருந்த பானையின் மூடியில் விரலை வைத்தாள். தூசி பிசுபிசுவென்று விரலோடு வந்தது. ஒரு மாதத்துக்கு முன் தோமோயே தபாலில் அனுப்பிய அரிசிப் பை தைத்த நூல்கூடப் பிரியாமல் பக்கத்தில் இருந்தது.

அடிப்பாவிகளா, சோறுகூடப் போடவில்லையா?

அறையில் சாயோ போர்வை மூடிய சூட்டு மேஜைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இளைத்திருக்கவில்லை. கன்னம் இரண்டும் சிவந்து, பத்து வயது குறைந்தவள் போல இருந்தாள். அதைப் பார்த்துத் தோமோயேவுக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது.

"வந்துட்டியா. பூட்ஸைத் திருப்பி வெச்சிருப்பியே, உன் புத்தி எனக்குத் தெரியாதா."

"என்னக்கா சாப்பிடறே இங்க?"

"சாப்பிடத் தோணல. எந்நேரமும் தண்ணியிலேயே கெடக்கறேன்ல."

"மாத்திரை ஏதாவது குடுக்கறாங்களா? பொடி, கஷாயம்?"

"உனக்கு ஒலகமே மருந்துக்கடைதான்." சாயோ சிரித்தாள். சிரிப்பு பழைய சிரிப்புதான். தோமோயே அவள் கையைப் பிடித்தாள். மேஜைக்கு அடியில் நெருப்பு இருந்தும் அந்தக் கை கிணற்றடிக் கல் போலச் சில்லென்று இருந்தது.

"கெளம்புக்கா. நாலு அம்பதுக்கு பஸ்."

மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். சாயோ உடனே தலையாட்டினாள்.

"வரேன். நீ வந்தா கெளம்பணும்னுதான் உக்காந்திருந்தேன். முதுகை மட்டும் தேய்ச்சு விட்டுடு. ஏழு வாரமா கை எட்டல."

"இங்க இத்தனை பேர் இருக்காங்களே?"

"அவங்க தேய்ச்சா ஆகல தோமோ." சாயோவின் குரல் இறங்கியது. "பாவம், அவங்களுக்கும் யாரும் வரதில்லை."

மணி மூன்றரை. சின்ன வயதிலிருந்து ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்து வளர்ந்தவர்கள். இதற்கு எப்படி முடியாது என்பது? சரி, பத்தே நிமிடம் என்றாள் தோமோயே.

குளியலறையில் ஆவி பால் போலத் திரண்டு நின்றது. அடியெடுத்து வைப்பதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கல்தொட்டியில் ஊற்றுநீர் நேராக விழுந்தது, அதில் வேறெதுவும் கலக்கவில்லை. சுவரோரம் இரண்டு மரக்குழாய்கள், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் சில்லிட்ட மலைத்தண்ணீர். யாரோ நிரப்பி வைத்திருந்த வாளிகளை அவள் காலால் தள்ளிவிட்டாள். ஓரத்தில் கவிழ்த்துக் கிடந்த ஒரு காலி வாளியை எடுத்து, முகர்ந்து, தானே கழுவிக்கொண்டாள். இன்னொருத்தி கை பட்ட தண்ணீர் அக்கா மேல் விழக்கூடாது.

சாயோ குட்டை முக்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அந்த முதுகில் ஆவி படவில்லை. நீர்முத்து ஒன்றுகூடக் கோக்கவில்லை. தோமோயே சின்னத் துண்டில் சோப்பு நுரை எழுப்பித் தேய்த்தாள். தோல் அவள் விரலுக்கு அடியில் கொஞ்சம் தாமதமாக நகர்ந்தது.

ஆவிக்குள் யாரோ இருமினார்கள்.

"யாரு?"

"குளிக்க வந்தவங்கதான்," என்றாள் சாயோ. "நீ தேய்."

தேய்த்தாள். துண்டிலிருந்த சோப்பு போக, மலைத்தண்ணீரை வாளியில் பிடித்து அலசினாள். பிழிந்தாள். கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவாசே அம்மாள் எதையாவது ஏந்திக்கொண்டு வருவாள், அப்போது பிடித்துவிடலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கதவு திறக்கவில்லை. தூரத்தில், மலை வளைவில், பஸ்ஸின் ஹாரன்.

இவ்வளவு சீக்கிரமா? எவ்வளவு நேரம் தேய்த்தாள்?

சாயோ நடுங்க ஆரம்பித்தாள். பல் தந்தியடித்தது. "குளுருது தோமோ. ஊத்து. சூடா ஊத்து."

"இதோக்கா. இதோ முடிஞ்சுது."

வாளியை வெந்நீர்க் குழாயடியில் பிடித்தாள். தளும்பத் தளும்ப நிரப்பினாள். தூக்கி அக்காவின் தோளில் ஊற்றினாள்.

நுரை போனது. தண்ணீர் வெதுவெதுப்பாகத் தோமோயேவின் பாதத்தைத் தொட்டது.

வெதுவெதுப்பாக.

அது வெந்நீர்க் குழாய். நல்ல சூடாக விழும் தண்ணீர். எப்படி ஆறியது?

துண்டை அலசிய தண்ணீர். வாளியில் பாதி இருந்தது. கொட்டவில்லை.

பச்சைத் தண்ணீர் முதலில். வெந்நீர் அதன் மேல்.

அவள் கையால்.

"அப்பாடா," என்றாள் சாயோ.

தோள் இரண்டும் இறங்கின. நடுக்கம் நின்றது. அவள் மெல்லப் பின்னால் சாய்ந்து தோமோயேவின் மடியில் விழுந்தாள். கன்னத்துச் சிவப்பு வடிந்தது. உதடு கறுத்து உள்ளே இழுத்தது. கண்கள் திறந்தபடி ஆவியைப் பார்த்தன. ஏழு வாரமும் ஒரே நேரத்தில் அந்த முகத்தில் வந்து சேர்ந்தது.

"அக்கா. அக்கா, பஸ் வந்துடுச்சுக்கா."

இப்போது கதவு திறந்தது. இவாசே அம்மாள் கையில் எதுவும் இல்லை. ஈரத்தரையில் நெற்றி படக் குனிந்தாள்.

"ரொம்ப நன்றிம்மா. நாங்களும் எத்தனையோ தடவை ஊத்திப் பாத்துட்டோம். எங்க கைக்குப் பலிக்கல. உயிர் இருக்கற கை வேணும்." நிமிர்ந்தாள். "அக்கா செருப்பை வாசல் பாத்துத் திருப்பி வெச்சுட்டேன்."

தோமோயே தலையைத் தூக்கினாள். "என் பூட்ஸ்?"

"உள்ள பாத்து வெச்சிருக்கேன். இன்னும் வேலை கெடக்கே."

வெளியே ஹாரன் மறுபடி ஒலித்தது. கொஞ்சம் நின்றது. பிறகு இறக்கத்தில் போய்த் தேய்ந்தது.

ஆவி விலகியது. சுவரோரம் குட்டை முக்காலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வெற்று முதுகு. எலும்பு தெரியும் முதுகு, மச்சம் உள்ள முதுகு, கூன் விழுந்த முதுகு. ஒன்றின் மேலும் நீர்முத்து இல்லை. மொத்தம் ஒன்பது முதுகு. இவாசே அம்மாள் அந்த வரிசையின் கடைசிக்கு நடந்தாள். கிமோனோவைத் தோளிலிருந்து நழுவவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் முக்காலியில் இருந்தவள் மட்டும், திரும்பாமலேயே, தன் வாளியைப் பின்னால் தள்ளினாள். அது கல்தரையில் கரகரவென்று நகர்ந்து வந்து, சாயோவின் தோளை உரசி, தோமோயேவின் முழங்காலில் முட்டி நின்றது. அதில் பாதி வரைக்கும் பச்சைத் தண்ணீர் இருந்தது.